அதாயி என்றொரு அப்பா

அத்தியாயம் 4

நாற்பத்தோராவது கொண்டை ஊசி வளைவோடு சுரேந்தர் எண்ணுவதை நிறுத்திவிட்டான். இன்னும் இருபத்தொன்பது இருப்பதாகக் கண்டக்டர் சொன்னார். அவர் அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

"மேடம், கடல் விஞ்ஞானியைத் தேடுறவங்க பொதுவா சமவெளியைத் தாண்டிக் கடற்கரைக்குப் போவாங்க. நாம மட்டும்தான் மேகத்துக்குள்ள போய்க்கிட்டு இருக்கோம்."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஹேமலதா கொய்யாப்பழத்தைக் கடித்தபடி, "வாயை மூடிக்கிட்டு மூக்கால மூச்சு விடு. குமட்டாது" என்றாள்.

"வாயை மூடினா நான் சுரேந்தரே இல்லை மேடம்."

"அதனாலதான் சொன்னேன்."

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் ஹேமலதாவின் துப்பறியும் நிறுவனம் இருந்தது. நிறுவனம் என்பது பெயர்ப்பலகையில் இருந்த சொல். உள்ளே இரண்டு நாற்காலிகளும் அவளும் சுரேந்தரும்தான். பதினேழு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள் அவள். சொல்லுகிறவர் எந்த இடத்தில் மூச்சு இழுக்கிறார் என்பதைக் கேட்டே, சொல்வது பொய்யா மெய்யா என்று கண்டுபிடிக்கப் பழகிய காது. சுரேந்தர் சென்னை புரசைவாக்கத்துப் பிள்ளை. இரண்டு வருடம் முன்பு வேலை தேடிச் சேலம் வந்தவனுக்கு, தேடியது கிடைக்காமல் இது கிடைத்தது.

வழக்கு வந்தது போன புதன்கிழமை. சென்னையில் ஆழி ஆய்வு அறக்கட்டளை என்று ஒன்று. படிப்பை முடித்துவிட்டு அடுத்த படி எது என்று தெரியாமல் நிற்கும் இளம் கடல் விஞ்ஞானிகளில், முப்பத்திரண்டு வயதுக்குள் இருக்கும் ஒருவருக்கு வருடா வருடம் நிதி கொடுக்கிறது. இரண்டு வருட ஆராய்ச்சிக்கு உதவித்தொகை, அதோடு ஆராய்ச்சிக் கப்பலில் நாற்பது நாள் பயணம். நானூறு பேர் விண்ணப்பித்து, 2003-ஆம் வருடத்துக்குத் தேர்வானவர் முனைவர் ஏ. சுஜிதா. விலாசம், கொல்லிமலை, தேவனூர் நாடு.

தேர்வான சுஜிதாவிடமிருந்து, 'எனக்கு வேண்டாம்' என்று ஒரு கடிதம் வந்தது. அறக்கட்டளையின் ஏழு வருடத்தில் வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள். தலைவராக இருந்த அம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. உண்மையில் என்ன கஷ்டம் என்று விசாரிக்கச் சொல்லிவிட்டார். செயலாளர் அருணாசலம் ஹேமலதாவைத் தேடிப் பிடித்தார். அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியும் பச்சை மையை விடாத மனிதர். விசாரணைக்கு அனுமதி தந்த கடிதத்தில்கூட கையெழுத்து பச்சையில்தான்.

"எவ்வளவு நல்ல மனுஷன் பாருங்க," என்றான் சுரேந்தர். "மலையெல்லாம் ஏறிக் கஷ்டப்பட வேண்டாம், அடிவாரத்துல முள்ளுக்குறிச்சியிலேயே நாலு பேரைக் கேட்டு ஒரு பக்கம் எழுதிக் குடுத்தா போதும்னாரே. நீங்கதான் கேக்கலை."

"நல்ல மனுஷங்க சொல்றதை நான் உடனே கேக்க மாட்டேன்."

சுரேந்தர் சட்டைப் பையிலிருந்து கடிதத்தின் நகலை எடுத்தான். இங்கிலீஷில் டைப் அடித்த நாலு வரி. ஏற்கெனவே பல தடவை படித்தாயிற்று. "என் தகப்பனார் மிஸ்டர் அதாயி படுத்த படுக்கையாக இருக்கிறார். அவரை விட்டு வர இயலாத நிலையில் இந்த வாய்ப்பைத் துறக்கிறேன். இப்படிக்கு ஏ. சுஜிதா." படித்து முடித்து நகலை மடித்தான். "பாவம் மேடம். பொண்ணு கடலைப் பாக்குது, அப்பா கட்டிலைப் பாக்குறாரு."

ஹேமலதா கொய்யாவை மென்று முடித்தாள். "இன்னொரு தடவை படி. அப்பா பேரு என்ன?"

"அதாயி. அ-தா-யி. மலையில இந்த மாதிரிப் பேரெல்லாம் வைப்பாங்க போல."

"வைப்பாங்க, வைப்பாங்க," என்று சொல்லிவிட்டு அவள் வெளியே பார்க்க ஆரம்பித்தாள். உதட்டோரத்தில் எதையோ அடக்கிக்கொண்ட மாதிரி இருந்தது. கொய்யா விதை சிக்கிக்கொண்டது என்று சுரேந்தர் நினைத்தான்.

செம்மேட்டில் இறங்கி ஜீப் பிடித்தார்கள். பக்கத்தில் இரண்டு மிளகு மூட்டையும் ஒரு ஆட்டுக்குட்டியும் வந்தன. சுரேந்தர் தன் கருத்தை அவிழ்த்தான்.

"இதுல அப்பா கதையே இல்லை மேடம். காத்திருப்போர் பட்டியல்ல அடுத்தது யாரு? தூத்துக்குடி கோகுல்நாத். சுஜிதா வேண்டாம்னா கப்பல் அவனுக்கு. படுக்கையில கிடக்கிற பெரியவரைக் காட்டி, மக மனசை மாத்தினவன் அவன்தான். எழுதி வெச்சுக்கோங்க."

"பெரியவரை முதல்ல பாப்போம். அப்புறம் எழுதிக்கிறேன்."

ஜீப்பில் ஏறியவர்களிடமும் இறங்கியவர்களிடமும் சுரேந்தர் விசாரித்துக்கொண்டே வந்தான். அதாயி என்று ஒரு பெரியவர், உடம்பு சரியில்லாதவர். யாருக்கும் தெரியவில்லை. "அப்படி ஆரும் இல்லீங்களே" என்றார் டிரைவர். ஒருத்தர் மட்டும், "புளியஞ்சோலைப் பக்கம் கேட்டுப் பாருங்க, அங்கதான் வெளியூர் ஆளுக அதிகம் வாராங்க" என்று யோசனை சொன்னார்.

"மேடம், ஆளே இல்லாத பேரு!"

"கடல் படிச்ச புள்ள ஊடு எதுங்க?" என்று ஹேமலதா டிரைவரைக் கேட்டாள்.

"அட, பாட்டில் புள்ளையா? அதை முன்னமே சொல்லோணுமல்ல!" என்று அவர் அடுத்த திருப்பத்தில் ஜீப்பை நிறுத்திக் கையைக் காட்டினார்.

வரப்பில் ஐந்து நிமிடம் நடந்தார்கள். ஓட்டு வீடு. வாசலில் வரிசையாகக் கண்ணாடி பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் கலங்கல் தண்ணீர், மேலே தேதி ஒட்டிய சீட்டு. பின்பக்கக் காட்டிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தலையில் மரவள்ளிக் குச்சிக்கிழங்கு மூட்டை. சுரேந்தர் இடுப்பளவு தூக்குவதற்கே இரண்டு ஆள் தேடுகிற மூட்டை. அதைத் தலையிலிருந்து தானே இறக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, மூச்சு வாங்காமல் நிமிர்ந்தார்.

"வாங்க சாமி. ஆருங்க?"

"சேலத்துலிருந்து வாரோமுங்க. சுஜிதாவைப் பாக்கோணும்," என்றாள் ஹேமலதா.

"உள்ளதான் இருக்குது. கண்ணு, உன்னத் தேடி ஆளு வந்திருக்குது பாரு!"

சுரேந்தர் பணிவாக முன்னால் போனான். "அம்மா, பெரியவர் எப்படி இருக்கார்? மருந்தெல்லாம் ஒழுங்கா சாப்பிடுறாரா?"

"எந்தப் பெரியவருங்க?"

"சுஜிதாவோட அப்பா. மிஸ்டர் அதாயி."

அந்த அம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தார். "எம் புள்ளைக்கு மூணு வயசுலயே அவரு போயிச் சேந்துட்டாருங்க. அதென்ன பேரு, அதாயி? நானு ஆத்தாயி. நாந்தான் படிக்க வெச்சேன், பள்ளிக்கூடத்துல எம் பேரோட மொத எழுத்தையே அது பேருக்கு முன்னால போட்டுட்டாங்க."

சுரேந்தர் கையிலிருந்த நகலைப் பார்த்தான். Athayi. அந்த ஆறு எழுத்தை நாமக்கல் தாண்டினதிலிருந்து அவன் அதாயி, அதாயி என்று படித்துக்கொண்டு வந்திருக்கிறான். ஆத்தாயி. காது சூடேறியது.

ஹேமலதா இப்போது தாராளமாகச் சிரித்தாள். "புதன்கிழமையே எனக்குத் தெரியும். உனக்கு ஏன் தெரியலைன்னு பாக்கத்தான் விட்டு வெச்சேன்."

"பதினோரு பேரைக் கேட்டிருக்கேன் மேடம்!"

"கேட்டதுல தப்பில்லை. நீ எப்படித் தப்பாப் படிச்சேங்கறதை மட்டும் மறந்துடாதே. அது எனக்கு வேணும்."

சுஜிதா வெளியே வந்தாள். ஒல்லியான பெண், கண்ணாடி போட்டவள், விரலில் மை. ஹேமலதா கடிதத்தை நீட்டினாள். அவள் நின்றபடியே படித்தாள். படித்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

"இதை நான் எழுதலீங்க," என்றாள். குரல் கீழே போய்விட்டது. "நான் வாரேன்னு எழுதினேன். மே மாசமே எழுதினேன். பதில் இல்லை. நாலு தடவை செம்மேட்டுக்குப் போய் போன் பண்ணினேன். ஐயா மீட்டிங்ல இருக்காரு, மீட்டிங்ல இருக்காருன்னாங்க. மனசு மாத்திட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டேன்."

"அடுத்த வருஷம் திரும்பவும் எழுதலாமே?" என்றான் சுரேந்தர்.

"ஆவணி வந்தா எனக்கு முப்பத்திரண்டு முடியுதுங்க. அதுக்கப்புறம் இளம் விஞ்ஞானி இல்லை."

"அப்புறம் என்ன, நேரா முதியோர் விஞ்ஞானியா?"

அவள் சிரிக்கவில்லை. "அப்புறம் ஜவ்வரிசி மில்லுங்க. ராசிபுரம் பக்கம் ஒரு மில்லுல, மாவு எவ்வளவு வெள்ளைன்னு பாக்குற லேப் வேலை. திங்கக்கிழமை வந்து சேரச் சொல்லியிருக்காங்க. சரின்னுட்டேன்."

ஆத்தாயி குச்சிக்கிழங்கைப் பிரித்துக்கொண்டே, "இருபத்திரண்டு வருசம் படிச்சுது சாமி," என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் சுரேந்தருக்கு அவன் வாயே உதவாது. பாட்டில்களைக் காட்டி, "இதெல்லாம் எதுக்கு?" என்றான்.

அதைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "மழை பேஞ்சா நம்ம மலை மண்ணு அய்யாத்துல இறங்கி, புளியஞ்சோலை வழியாக் காவிரிக்குப் போவுது. அங்கிருந்து கடலுக்கு. அந்த மண்ணுல இருக்கிற சத்தைத் தின்னுதான் கடல்ல கண்ணுக்குத் தெரியாத பாசி வளருது. பாசியைத் தின்னு மீன் வளருது. கடல் முனையில தண்ணி எடுத்தவங்க நிறையப் பேரு இருக்காங்க. இந்த முனையில எடுத்தவங்க யாரும் இல்லை. அதான் என் ஆராய்ச்சிங்க."

கடல் விஞ்ஞானி ஏன் மலையில் இருக்கிறாள் என்று வழியெல்லாம் கேலி பேசிக்கொண்டு வந்தவன் வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டான்.

ஹேமலதா வேலையை ஆரம்பித்தாள். "சுரேந்தர், இந்தக் கடிதம் பொய். எழுதினவன் யாரு?"

"கோகுல்நாத்!"

"கோகுல்நாத்துக்கு ஆத்தாயிங்கற பேரு எப்படித் தெரியும்? சுஜிதா, உங்க கட்டுரைகள்ல அம்மா பேரு இருக்கா?"

"இல்லீங்க. ஏ. சுஜிதான்னுதான் இருக்கும்."

"வேற எங்கதான் அம்மா பேரை முழுசா எழுதினீங்க?"

சுஜிதா யோசித்தாள். "விண்ணப்பப் படிவத்துல மட்டும். 'பெற்றோர் அல்லது பாதுகாவலர்'னு ஒரு கட்டம் இருந்துச்சு."

"இங்கிலீஷ் படிவம். அந்தக் கட்டத்துல ஆணா பொண்ணான்னு கேக்கலை. உள்ளூர்க்காரன் எவனும் அதைப் பாத்து அப்பான்னு எழுத மாட்டான். படிவத்தைக் கையில வெச்சுக்கிட்டு, நம்ம சுரேந்தர் மாதிரியே அதாயின்னு படிச்ச ஒரு பட்டணத்து ஆளு எழுதின கடிதம் இது. இனிஷியல் ஏ, பேரும் ஏ, அப்போ அப்பாதான்னு முடிவு பண்ணிட்டான்."

"என்னைச் சாட்சியா வெச்சே கண்டுபிடிச்சிருக்கீங்க," என்றான் சுரேந்தர். பெருமைப்படுவதா அவமானப்படுவதா என்று அவனுக்கே விளங்கவில்லை. "அப்போ ஆபீஸ்ல இருக்கிற யாரோ. கோகுல்நாத் அங்க ஒரு பியூனைப் பிடிச்சு..."

"சுஜிதா, வாரேன்னு எழுதினதை எப்படி அனுப்புனீங்க? சாதாத் தபாலா?"

"பதிவுத் தபால்ங்க. வாங்குனவங்க கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புற அட்டையோட."

"அட்டை திரும்பி வந்துதா?"

சுஜிதா உள்ளே போய் ஒரு தடிமனான கடல் உயிரியல் புத்தகத்தைப் புரட்டி அட்டையை எடுத்து வந்தாள். ஹேமலதா அதை வாங்கிப் பார்த்தாள். பிறகு சுரேந்தரிடம் கொடுத்தாள்.

மே மாதம் பத்தொன்பதாம் தேதி கடிதம் போய்ச் சேர்ந்திருக்கிறது. பெற்றுக்கொண்டவர் கையெழுத்து, வாலைச் சுழித்து அடியில் இரண்டு புள்ளி வைத்த கையெழுத்து. சுரேந்தரின் பையில் இருந்த அனுமதிக் கடிதத்தில் இருந்த அதே சுழி, அதே இரண்டு புள்ளி.

மை பச்சை.

"மேடம்," என்றான் சுரேந்தர். "நமக்கு வேலை குடுத்தவரு."

"சுஜிதாகிட்ட இருந்து இந்த ஒரு கடிதத்தைத் தவிர வேறெதுவும் வரலைன்னு சொன்னாரே, ஞாபகம் இருக்கா? சொல்றப்போ மூச்சு இழுத்தாரு. மறுப்புக் கடிதத்தோட கவர் எங்கேன்னு கேட்டேன். தொலைஞ்சு போச்சுன்னாரு. அப்பவும் இழுத்தாரு. மலை ஏற வேண்டாம்னு சொன்னப்போதான் தாராளமா மூச்சு விட்டாரு."

செம்மேட்டுக்குத் திரும்பும் ஜீப்பில் சுஜிதாவோடு ஆத்தாயியும் வந்தார். வீட்டைப் பூட்டவில்லை, கிழங்கை அப்படியே போட்டுவிட்டு ஏறிவிட்டார். எஸ்.டி.டி. பூத்தில் நாலு பேரும் நெருக்கி நின்றார்கள். கடிதத்தாளின் மேல் அச்சடித்திருந்த தலைவர் அம்மாளின் நம்பரை ஹேமலதா சுழற்றினாள்.

ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். பழைய ஆபரேட்டர், ஒரு வார்த்தை வீணாக்கவில்லை.

"அருணாசலம் என் எதிர்லதான் உக்காந்திருக்கார்," என்றார் தலைவர். "திங்கக்கிழமைப் பயணத்துக்குக் கோகுல்நாத் பேரைப் போட்டுக் கையெழுத்து வாங்க வந்திருக்கார். அவரையே பேசச் சொல்றேன்."

ஹேமலதா ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள். எல்லோருக்கும் கேட்டது.

"அம்மா, நான் கெட்டது ஒண்ணும் நினைக்கலை," என்றது அருணாசலத்தின் குரல். பயந்த குரலாக இல்லை, மனத்தாங்கல் உள்ள குரலாக இருந்தது. "எனக்கு முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ். அந்தக் கோகுல்நாத்தை எனக்கு யாருன்னே தெரியாது. மலையில பொறந்த பொண்ணு, கப்பல்ல ஏறி நாலாம் நாள் அழும். ஒரு இடம் வீணாப் போகும். எப்படியும் வேண்டாம்னுதான் எழுதப் போகுது. நான் கொஞ்சம் முன்னாடியே எழுதிட்டேன். அவ்வளவுதான்."

பணம் வாங்கியிருப்பான், சொந்தக்காரனுக்குச் செய்திருப்பான் என்றெல்லாம் சுரேந்தர் கணக்குப் போட்டிருந்தான். இந்த மனிதர் அக்கறையால் செய்திருக்கிறார். அதைக் கேட்டு அவனுக்குக் கோபம்கூடச் சரியாக வரவில்லை.

சுஜிதா கையை நீட்டி ரிசீவரை வாங்கிக்கொண்டாள்.

"சார், நான் சுஜிதா பேசறேனுங்க. ரெண்டு வருஷம் நாகப்பட்டினத்துல மீன்பிடிப் படகுல போய்த்தான் தண்ணி எடுத்தேன். முதல் மூணு நாள் வாந்தி எடுத்தேன், அது நிஜம். நாலாம் நாள் அழலைங்க. நாலாம் நாள்தான் முதல் பாட்டிலை நிரப்பினேன்."

மறுமுனையில் நாற்காலி நகர்ந்தது. பிறகு தலைவரின் குரல் வந்தது. "சுஜிதா, திங்கக்கிழமை காலை ஏழு மணிக்குச் சென்னைத் துறைமுகம். வந்துடுவியாம்மா? கோகுல்நாத்துக்கு நானே சொல்லிக்கிறேன். அவனுக்கு இருபத்தாறு வயசு, இன்னும் ஆறு தடவை எழுதலாம். இந்த ஆபீஸ் சாவியை இப்பவே இவர்கிட்டேயிருந்து வாங்கிக்கிறேன்."

"வந்துடறேனுங்க."

ரிசீவரை வைத்த பிறகும் அவள் கை அதன் மேலேயே இருந்தது. ஆத்தாயி மகளின் முழங்கையைத் தொட்டார். "எத்தனை நாளு கண்ணு?"

"நாப்பதும்மா."

"அத்தனை நாளும் தண்ணிக்கு நடுவுலயா?"

"ஆமாம்மா."

ஆத்தாயி தலையை ஆட்டினார். பிறகு காரியத்துக்கு வந்தார். "அந்த மில்லுக்காரருக்கு ஆரு தாக்கல் சொல்றது? சொல்லாமப் போறது மரியாதை இல்லீங்க."

"சுரேந்தர் சொல்லுவான்," என்றாள் ஹேமலதா. "பேசறதுக்குத்தானே அவனுக்குச் சம்பளம்."

சுரேந்தர் சுஜிதா கொடுத்த நம்பரைச் சுழற்றினான். மேனேஜரே எடுத்தார். பின்னால் மில் இயந்திரம் இரைந்தது. சுஜிதா திங்கக்கிழமை வேலைக்கு வர முடியாது என்று சுரேந்தர் மரியாதையாகச் சொன்னான்.

"ஏன், என்னவாம்?"

"கப்பல்ல போறாங்க சார். கடல் ஆராய்ச்சிக்கு. நாப்பது நாள்."

"எங்கிருந்து பேசறீங்க?"

"கொல்லிமலை, செம்மேடு."

"ஏந்தம்பி, வர இஷ்டமில்லைன்னா இஷ்டமில்லைன்னு சொல்லச் சொல்லுங்க. நாங்க என்ன கட்டாயப்படுத்தியா கூட்டிட்டுப் போறோம்? மலை மேல கப்பலு, கடலுன்னு. நம்புற மாதிரி ஏதாச்சும் சொல்லோணுமல்ல!" என்று வைத்துவிட்டார்.

அவன் பூத்தை விட்டு வெளியே வந்தான். நாமக்கல் போகும் கடைசி பஸ் ஸ்டாண்டில் உறுமிக்கொண்டு நின்றது. டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். மாற்றுத் துணிக்குக்கூட வீட்டுக்குப் போக நேரமில்லை. காலையில் முதல் பஸ்ஸில் சேலத்துக்குக் கொடுத்தனுப்புவதாக ஆத்தாயி சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்னங்க சொன்னாரு?" என்றாள் சுஜிதா.

"நம்பலைங்க."

அன்று முதல் தடவையாக அவள் சிரித்தாள். சிரிக்க ஆரம்பித்தது நிற்கவில்லை, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"அவரைச் சொல்லிக் குத்தமில்லீங்க," என்றாள் படியில் கால் வைத்தபடி. "எனக்கே இன்னும் முழுசா நம்பிக்கை வரலை."

கண்டக்டர் விசில் அடித்தார்.